திங்கட்கிழமை பிறந்த யாவ்

குமாசி நகரத்தின் முள்ளம்பன்றி மக்கள் சேமிப்பு வங்கியில், வாடிக்கையாளர் அடையாள உறுதிப்பாட்டுப் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. மூன்றாவது மாடியில் கழிவறைக்கு அடுத்த அறை. பிரிவின் பெயர் கதவை விட நீளமாகப் போய்விட்டதால் பலகையைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்தார்கள். அதன் தலைவர் திருவாளர் யாவ் அம்போன்சா, வயது நாற்பத்தேழு. இந்தப் பதவியில் இருந்த ஒன்பது வருடத்தில் அவர் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை. அதை அவர் குறையாக நினைக்கவில்லை. திருடனே எட்டிப் பார்க்காத அளவுக்குப் பாதுகாப்பு பலமாக இருப்பதாக ஆண்டறிக்கையில் எழுதுவார். இயக்குநர் குழுவும் படித்துவிட்டுக் கைதட்டும்.

அவருடைய வாழ்நாள் சாதனை என்று சொல்லத்தக்கது ஐந்து ரகசியக் கேள்விகள். வெளிநாட்டு ஆலோசகர்கள் இரண்டு பேர் வந்து, குளிரூட்டிய அறையில் பதினொரு நாள் உட்கார்ந்து, ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் என்ன, வளர்ந்த தெருவின் பெயர் என்ன என்கிற மாதிரி. குமாசியில் பாதித் தெருவுக்குப் பெயர் கிடையாது. நாயை எல்லோரும் நாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே யாவ் அம்போன்சா அந்தப் பட்டியலை நாட்டுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தார். தாயாரின் பெயர் என்ன? சொந்த ஊர் எது? பிறந்த கிழமை எது? எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்? குடும்பத்தில் கடைசியாகக் காலமானவர் யார்? கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டு யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் இந்த ஐந்தையும் கேட்க வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால் அவர்தான் அவர்.

பிரிவில் அவரைத் தவிர இன்னொருத்தியும் இருந்தாள். பெயர் எசி. உதவித் தொலைபேசியை எடுத்துப் பேசுவது அவள் வேலை. கேள்விகளைப் படித்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், பொறந்த கிழமைய எப்படி சார் ரகசியம்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை பொறந்தேன்னுதான் எனக்கு எசின்னு பேரு வச்சாங்க. வியாழக்கிழமை பொறந்ததால நீங்க யாவ். இந்த ஊர்ல பேரைக் கூப்புட்டாலே கிழமை வந்துடுதே."

"அதனாலதாம்மா அந்தக் கேள்வியே. ரகசியத்தோட பெரிய பலவீனம் என்ன சொல்லு? மறந்து போறது. இது சாகிற வரைக்கும் மறக்காது."

"நமக்கு மறக்காது சார். அடுத்தவனுக்கும் மறக்காதே?"

"அடுத்தவன் எதுக்கு நம்ம பேரைச் சொல்லிக்கப் போறான்? அவனுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?"

இந்த விளக்கம் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே பதிவு செய்யப்பட்டு, ஒருமனதாக ஏற்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சுற்றறிக்கைகள் புறப்பட்டன. அடையாள அட்டையைப் போலியாக அடிக்கலாம், ஆகவே அட்டையை நம்பக் கூடாது. ஒருவரைப் போல இன்னொருவர் இருக்கலாம், ஆகவே முகத்தை நம்பக் கூடாது. குரலையும் நம்பக் கூடாது. ரகசியம் ஒன்றே மெய். வாடிக்கையாளர்கள் தங்கள் பதில்களை யாரும் ஊகிக்க முடியாதபடி அவ்வப்போது மாற்றிக்கொள்வது நல்லது என்றும் வருடா வருடம் ஒரு வேண்டுகோள் போகும். பதினோராயிரம் வாடிக்கையாளர்களில் ஒருவரும் அதை மதித்ததில்லை.

இப்படி வங்கி பாதுகாப்பாக இருந்துவந்த காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய வாரம், யாவின் மாமியார் அஃபியா செர்வா காலமானார்.

பெரிய சந்தையில் நாற்பது வருடம் சேனைக்கிழங்கு வியாபாரம் செய்த பெண்மணி. படித்து முடித்து வேலை இல்லாமல் யாவ் திரிந்த நாளில், அவர் மகள் அபேனாவைப் பார்க்கப் போனால், வீட்டில் மற்ற எல்லோரும் அவனுடைய தேய்ந்த செருப்பைத்தான் பார்ப்பார்கள். இவர் மட்டும் ஒரு தட்டு ஃபுஃபுக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் முன்னால் வைத்து, "சாப்பிடுப்பா. வேலை வர்றப்ப வரும், பசி இப்பவே வந்துடுச்சுல்ல" என்பார். மருமகன் வங்கியில் சேர்ந்ததும், கச்சையில் முடிந்துவைத்திருந்த பணத்தையெல்லாம் கொண்டுவந்து அதே வங்கியில் போட்டார். செய்தி வந்த அன்று யாவ் வங்கி லிஃப்டுக்குள் நின்று வாய்விட்டு அழுதார். மூன்று மாடி ஏறி இறங்கியும் அழுகை நிற்கவில்லை.

அபேனாவின் தாய்மாமன்தான் குடும்பத் தலைவர். நானா என்சியா என்று பெயர். அவர் பத்து வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமையைச் சாவுச் சடங்குக்குக் குறித்தார். அதுவரை உடல் ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருக்கும். பந்தல், மைக், ஊர் முழுக்க ஒட்டும் சுவரொட்டி, சாப்பாடு எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. சவப்பெட்டி மருமகனின் கடமை. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் படிப்பார்கள். கொண்டுவராதவர்கள் பெயரை இன்னும் நிறுத்தி நிதானமாகப் படிப்பார்கள். வெள்ளைப் பெட்டி, பொன்னிறக் கைப்பிடி, உள்ளே பட்டு மெத்தை, விலை இருபத்தாறாயிரம் சீடி என்று யாவ் பேசி முடித்திருந்தார். சொந்த வங்கியில் அவர் கணக்கில் நாற்பதாயிரம் இருந்தது. அந்த அம்மாளுக்கு அதைவிட மட்டமான பெட்டி வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

சடங்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை, பெட்டி செய்யும் ஆசாரிக்குக் கைபேசியில் பணம் அனுப்பப் பார்த்தார். கடவுச்சொல் தவறு என்றது. மூன்று தடவை அடித்தார். கணக்கு பூட்டிக்கொண்டது. எழுந்து எசியின் மேசைக்குப் போனார்.

"எசி, என் கணக்கை கொஞ்சம் தொறந்து விடும்மா."

"நேர்ல கேக்கக் கூடாது சார். ஃபோன்லதான் கேக்கணும். ஆறாம் நம்பர் சுற்றறிக்கை."

"அது நான் எழுதினதும்மா."

"ஆமா சார், உங்க கையெழுத்து இருக்கு."

யாவ் தன் மேசைக்குத் திரும்பி நடந்தார். இரண்டு மேசைக்கும் நடுவே நாலடி தூரம். உட்கார்ந்து உதவித் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். எதிரே எசி எடுத்தாள்.

"முள்ளம்பன்றி வங்கி, வணக்கம். உங்க பேரு என்னங்க சார்?"

"நான்தாம்மா."

"'நான்தான்'ங்கற பேர்ல நம்மகிட்ட கணக்கு எதுவும் இல்லீங்க சார்."

"யாவ் அம்போன்சா!"

"நன்றிங்க சார். உங்க தாயார் பேரு?"

"மார்த்தா போச்சுவா."

"தப்புங்க சார். சொந்த ஊர்?"

"என்னது தப்பா? எஜுரா."

"தப்பு. பொறந்த கிழமை?"

"வியாழன்!"

"அதுவும் தப்புங்க சார்."

யாவ் ரிசீவரோடு எழுந்து நின்றுவிட்டார். "எசி! என் பேரே யாவும்மா!"

"பேரு சரியாத்தான் சார் இருக்கு. கிழமைதான் ஒத்து வரல."

சர்ச்சும் தவறு, காலமானவரும் தவறு. ஐந்துக்குப் பூஜ்யம். பிரிவு தொடங்கிய நாள் முதல் அப்படி ஒரு மதிப்பெண்ணை யாரும் வாங்கியதில்லை. எசி ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், திங்கக்கிழமை காலைல ஒம்பது அஞ்சுக்கு யாவ் அம்போன்சான்னு ஒருத்தர் கூப்புட்டாரு. அஞ்சு கேள்விக்கும் டாண் டாண்னு பதில் சொன்னாரு. அப்புறம் ஃபோன் நம்பர், மின்னஞ்சல், அஞ்சு பதிலு, எல்லாத்தையும் புதுசா மாத்திட்டாரு. அன்னையிலேருந்து தெனம் காலைல ரெண்டாயிரம் எடுக்கறாரு. கைபேசில எடுத்தா ஒரு நாளைக்கு அவ்வளவுதானே எல்லை."

"அந்த ஃபோனை எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"என் குரல் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அது உங்க குரல் இல்லைன்னும் தெரிஞ்சுது. ஆனா குரலை நம்பக் கூடாதுன்னு இருக்கே. ரொம்ப மரியாதையாப் பேசினாரு. அதான் உங்களுக்கு ஏதோ ஒடம்பு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நாலு நாளா பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வாடிக்கையாளர் விஷயத்தை ஊழியர்கிட்டச் சொல்லக் கூடாது சார். பதினொண்ணாம் நம்பர்."

கணக்கில் மீதி முப்பத்திரண்டாயிரம். பெட்டி விலை இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை சேவை கிடையாது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பணம் பெட்டி விலைக்குக் கீழே போய்விடும். கவுன்ட்டரில் நேரில் எடுத்தால் எல்லை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயும் பதிவேட்டில் இருக்கிற ஐந்து பதிலைத்தான் கேட்பார்கள்.

யாவ் நேரே மேலாண்மை இயக்குநர் திருமதி டோர்காஸ் டாங்குவாவின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் கணக்குக் கோப்பு முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாவ், உங்களை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும்."

"அப்ப கணக்கை முடக்கி வையுங்க மேடம். மீதியை நான் பாத்துக்கறேன்."

"உங்களைத் தெரியும். வாடிக்கையாளரைத் தெரியாதே. வாடிக்கையாளர் யாருன்னு ரகசியந்தானே சொல்லணும்? அவர் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்காரு. நீங்க பூஜ்யம். நான் எந்த மார்க்கை எடுத்துக்கிட்டு இயக்குநர் குழு முன்னால போயி நிக்கறது?"

"மேடம், யாவ்னு பேரு வச்சவன் வேற கிழமைல பொறக்க முடியுமா?"

"அதுதான் அவரோட சிறப்பு. யாரும் ஊகிக்க முடியாத பதிலா மாத்தி வையுங்கன்னு நீங்க எத்தனை வருஷமாக் கெஞ்சறீங்க? பதினோராயிரம் பேர்ல ஒருத்தர் கேட்டிருக்காரு. அந்த ஒருத்தரைப் போயித் திருடன்னு சொல்றீங்களே!"

இருந்தாலும் திருமதி டாங்குவா இரக்கம் இல்லாதவர் அல்ல. வாடிக்கையாளர் சம்மதித்தால் கணக்கை முடக்கலாம் என்று விதி இருந்தது. ஆகவே வாடிக்கையாளரின் புதிய முகவரிக்கு உடனடியாக ஒரு மின்னஞ்சல் போயிற்று. "மதிப்புக்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டு ஐயத்துக்குரிய நபர் ஒருவர் தங்கள் கணக்கை அணுக முயன்றது தெரியவந்துள்ளது. அன்னார் எமது வங்கியிலேயே மூன்றாம் மாடியில் பணிபுரிகிறார். தங்கள் கணக்கை முடக்கச் சம்மதமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. கணக்கை முடக்க அவசியம் இல்லை, அந்த நபரை முடக்கினால் போதும் என்று பணிவோடு எழுதியிருந்தது. வங்கியின் விழிப்புக்கு நன்றி, சேவைக்கு ஐந்து நட்சத்திரம். அந்த வருடத்தில் வங்கிக்குக் கிடைத்த முதல் ஐந்து நட்சத்திரம் அதுதான். திருமதி டாங்குவா அதை அச்செடுத்து வரவேற்பறையில் ஒட்டச் சொன்னார். வாடிக்கையாளரின் விருப்பத்தை மதித்து, வெள்ளிக்கிழமை காலை யாவின் கணினியையும் கதவு அட்டையையும் முடக்கினார்கள். எசி உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டுத்தான் பிரிவின் தலைவர் பிரிவுக்குள் வர முடிந்தது.

அன்று சாயங்காலம் நானா என்சியா வீட்டுக்கு வந்தார். கறுப்புத் துணியைத் தோளில் சுற்றியபடி, நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பியரைப் பாதி குடித்துவிட்டுப் பேசினார்.

"மாப்பிள்ளை, பெட்டி எப்ப வருது?"

"வந்துடும் நானா."

"வந்துடும்னுதான் ஆசாரியும் சொல்றான். பணம் வந்துடும்னு. நம்ம குடும்பத்துல ஒரு பொம்பள இதுவரைக்கும் பலகைப் பெட்டில போனதில்லை. மைக்குப் புடிக்கறவன் என் மச்சான் மகன், பாத்துக்க. அவனுக்கு வாய் நீளம்."

அவர் போன பிறகு அபேனா கதவைச் சாத்தினாள். கணவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. யாவ் மீதியைச் சொன்னார்.

"திருடனைப் புடிக்கிற ஆபீசர்னு சொல்லித்தானே எங்கம்மா சந்தை முழுக்கப் பெருமை அடிச்சுக்கிட்டாங்க?" என்றாள். "அவங்களை ஐஸ்ல போட்டு வச்சுட்டுப் பெட்டி இல்லைன்னு நிக்கறீங்களே, எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுன்னு தெரியலைங்க." சொல்லிவிட்டு அழுதாள். யாவுக்கும் கண் கலங்கியது. தன்னைப் பற்றி நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அபேனா கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. 'ஆப்பிரிக்காவின் தலைசிறந்த நிதிப் பாதுகாப்புச் சிற்பி, யாவ் அம்போன்சா.' நாலு மாதத்துக்கு முன்னால் மின்னஞ்சலில் வந்த விருது. வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அதன் கீழே நிறுத்தி அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை யாரு குடுத்தாங்க?"

"ஒரு அறக்கட்டளை."

"எந்த ஊர்ல இருக்கு?"

"அது... ஆப்பிரிக்கா முழுக்க இருக்கு."

"குடுக்கறதுக்கு முன்னால உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க?"

யாவ் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருந்தார்கள். இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாயின் பெயர், அவரை ஈன்ற ஊர், அவரை வளர்த்த சர்ச். விருதை உறுதி செய்ய மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் கேட்டிருந்தார்கள். காலமானவர் யார் என்பது மாமியாரின் சுவரொட்டியாக ஊர் முழுக்க ஒட்டியிருந்தது, மருமகன் பெயரோடும் பதவியோடும். கிழமையை யாரும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாதுகாப்புச் சிற்பி தன் கையாலேயே சாவியைச் செதுக்கிக் கொடுத்து, அதற்கு நிர்வாகக் கட்டணமாக நூற்றைம்பது சீடியும் கட்டியிருந்தார்.

"விருதுன்னதும் கண்ணு தெரியாமப் போச்சு, அபேனா" என்றார்.

"உங்களுக்கு மட்டுமா போகும்?" என்றாள் அவள் எரிச்சலோடு. "விருதுன்னா இந்த ஊர்ல யாரு வேண்டாம்பாங்க?"

அந்தக் கேள்வி யாவை இரவு தூங்கவிடவில்லை. சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். எசியின் கணினி முன்னால் உட்கார்ந்தார். போலி மின்னஞ்சலை அடையாளம் காண்பது எப்படி என்று அவரே முன்பு ஒரு சுற்றறிக்கை எழுதியிருந்தார். அளவுக்கு மீறிய புகழ்ச்சி இருக்கும், அவசரப்படுத்துவார்கள், ரகசியத்தைக் கேட்பார்கள் என்று. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிற மாதிரி வரிசையாகப் போட்டார்.

"மாண்புமிகு வாடிக்கையாளர் பெருந்தகையே! எமது வங்கியின் இவ்வாண்டுக்கான முன்மாதிரி வாடிக்கையாளர் விருதுக்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். பாராட்டுப் பத்திரம், தோளில் அணியும் பட்டை, குளிர்ப்பெட்டி ஒன்று. இன்று மாலைக்குள் தங்கள் ஐந்து ரகசியப் பதில்களையும், பாரம்பரிய உடையில் ஒரு புகைப்படத்தையும் அனுப்பி உறுதி செய்க."

"இதுக்குப் போயி யாராவது பதில் போடுவாங்களா சார்?" என்றாள் எசி, தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு.

"நான் போட்டேனே."

நாற்பதே நிமிடத்தில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. புகைப்படத்தில், நல்ல கென்டே துணி போர்த்திக்கொண்டு, ஒரு நடுத்தர வயதுக்காரர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். யாவ் அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தன் மேசைக்குப் போய், உதவித் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்.

"முள்ளம்பன்றி வங்கி, வணக்கம். உங்க பேரு என்னங்க சார்?"

"யாவ் அம்போன்சா."

"உங்க தாயார் பேரு?"

யாவ் ஒரு நொடி கண்ணை மூடினார். செத்துப்போன அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். "வேண்டாவெறுப்பு."

"சரிங்க சார். சொந்த ஊர்?"

"சந்திரன்."

"சரி. பொறந்த கிழமை?"

"திங்கள்."

"ரொம்ப சரிங்க சார். எந்தச் சர்ச்சு?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"சரி. கடைசிக் கேள்வி சார். உங்க குடும்பத்துல கடைசியாக் காலமானவர் யாரு?"

தாளில் எழுதியிருந்ததை யாவ் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எசி நாலடி தூரத்தில் காத்திருந்தாள்.

"யாவ் அம்போன்சா" என்றார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள் சார். அஞ்சும் சரி."

கணக்கு திறந்தது. அவர் ஓட்டமாகக் கீழே போய், கவுன்ட்டரில் அதே ஐந்தையும் இன்னொரு முறை ஒப்பித்து, மீதி இருந்த இருபத்தெட்டாயிரத்தையும் எடுத்துக்கொண்டு, நேரே ஆசாரி கடைக்குப் போனார். பொன்னிறக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வாடிக்கையாளர் உதவித் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் பணம் திருட்டுப் போய்விட்டது என்று புகார் கொடுத்தார். குரல் உடைந்திருந்ததாக எசி சொன்னாள். அவருக்கு ஒரு புகார் எண் வழங்கப்பட்டது. விசாரணை அதிகாரியாக, முடக்கம் நீக்கப்பட்டு, திருவாளர் யாவ் அம்போன்சா நியமிக்கப்பட்டார்.

ஆனால் அன்றைய பெரிய செய்தி அது அல்ல. வங்கியின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்து நின்றுபோயிருந்தது. முன்பொரு முறை ஒரு சலுகையைச் சிலருக்கு மட்டும் தெரிவித்ததாகச் சண்டை வந்ததிலிருந்து, சலுகை, விருது, சுற்றறிக்கை என்று வங்கியிலிருந்து போகிற எந்த அறிவிப்பும் எல்லா வாடிக்கையாளருக்கும் போய்ச்சேரும்படி இயந்திரத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். சமத்துவக் கொள்கை என்று அதற்குப் பெயர். விருது அறிவிப்பு பதினோராயிரம் பேருக்கும் போயிருந்தது. எண்ணாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஐந்து ரகசியத்தையும் எழுதி, படமும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

யாவ் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனார். அவர் சர்ச்சின் போதகர் இருந்தார். மாவட்டக் காவல்துறை அதிகாரி சீருடையில் ஒரு படமும் பாரம்பரிய உடையில் ஒரு படமும் அனுப்பியிருந்தார். திருமதி டோர்காஸ் டாங்குவா, தனக்கு விருது தர இவ்வளவு தாமதமாகவா தோன்றியது என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அபேனா இருந்தாள். அவளுக்கு நாலு வரி கீழே எசி.

"நீயுமாம்மா?"

"விருதுன்னு போட்டிருந்துச்சே சார்."

"நான் எழுதறப்ப என் பின்னாலதானே நின்ன?"

"நின்னேன் சார். ஆனா ஒருவேளை நெஜமா இருந்துட்டா?"

யாவ் கோபப்படவில்லை. கோபப்படுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியபோது அவர் கை நின்றது. அஃபியா செர்வா. ஒன்பது வாரமாகக் குளிரறையில் இருக்கும் மாமியார், அறிவிப்பு போன ஆறாவது நிமிடத்தில், ஐந்து பதிலையும் பிழையில்லாமல் அனுப்பியிருந்தார். பதிவேட்டில் அவருடைய கைபேசி எண் மாறியிருந்தது. அது நானா என்சியாவின் எண். கணக்கைத் திறந்து பார்த்தார். செத்த மூன்றாம் நாளிலிருந்து தினம் இரண்டாயிரம், ஞாயிற்றுக்கிழமை தவிர. நாற்பது வருடக் கிழங்கு வியாபாரத்தில் எழுநூறு சீடி மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை சடங்கு அமர்க்களமாக நடந்தது. சிவப்பும் கறுப்புமாக எழுநூறு பேர் வந்தார்கள். வெள்ளைப் பெட்டி வெயிலில் பளபளத்தது. "மருமகன் யாவ் அம்போன்சா, பட்டு மெத்தை வைத்த பெட்டி, எல்லாம் நேர்மையான உத்தியோகத்தில் சம்பாதித்த பணம்!" என்று மைக்கில் மூன்று தடவை அறிவித்தார்கள். அபேனா அழுதுகொண்டே புருஷனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாவும் அழுதார். அத்தை, உங்க பணத்தையும் என்னால காப்பாத்த முடியலையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் எழுந்து, குடும்பத் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நானா, விருதுக்கு அத்தைகிட்டேருந்து விண்ணப்பம் வந்திருக்கு."

நானா என்சியா முன்னால் போகிற கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தபடியே இருந்தார்.

"அவ எப்பவுமே சுறுசுறுப்பு மாப்பிள்ளை."

"கணக்குல ஒண்ணும் இல்லை நானா."

"பந்தலு, மைக்கு, எழுநூறு பேருக்குச் சோறு. வானத்துலேருந்தா விழுது?" என்றார் நானா. பிறகு முதல் முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தார். "அது கெடக்கட்டும். திருடன் கைக்குப் போயிடுச்சுன்னு அபேனா அழுதாளே, அந்தப் பணம் உன் கைக்கு எப்படித் திரும்பி வந்துச்சு? அதை மைக்குல சொல்லிடலாமா?"

யாவ் நிமிர்ந்து, நானா எழுந்திருக்கக் கை கொடுத்தார். இருவரும் பெட்டிக்கு முன்னால் போய், சேர்ந்தாற்போல் தலை குனிந்து நின்றார்கள். மருமகனுக்கும் குடும்பத் தலைவருக்கும் இவ்வளவு ஒற்றுமை எந்த வீட்டில் பார்க்கலாம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை இயக்குநர் குழு அவசரமாகக் கூடியது. எண்ணாயிரம் பேரின் ரகசியம் ஊழியர் எல்லோரும் பார்க்கிற மின்னஞ்சல் பெட்டிக்கு வந்துவிட்டதை எப்படிச் சரிசெய்வது என்று மாலை வரை ஆலோசித்தது. விஷயத்தைச் சொன்னால் வங்கியின் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் பணம் போய்விடும். கடைசியில், பிரிவின் தலைவரே முன்மொழிந்தபடி, பழைய ஐந்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆறாவதாக ஒரு கேள்வியைச் சேர்ப்பது என்று முடிவானது. "மேற்கண்ட ஐந்து பதில்களையும் வேறு எவருக்கேனும் தெரிவித்திருக்கிறீர்களா?" ஆம் என்பவரின் கணக்கு உடனே முடக்கப்படும். இல்லை என்பவர் தொடர்ந்து கணக்கைப் பயன்படுத்தலாம்.

சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டே எசி கேட்டாள்.

"சார், இதுக்கு ஆமான்னு யாராவது சொல்வாங்களா?"

"நேர்மையானவங்க சொல்வாங்க."

"அவங்க கணக்கைத்தானே சார் முடக்கறோம்?"

"ஆமாம்மா. அடிச்சு முடிச்சுட்டா அனுப்பு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அறிவிப்பு போயிற்று, சமத்துவக் கொள்கைப்படி எல்லோருக்கும். முதல் பதிலை யாவ் அம்போன்சாவே எழுதினார். இல்லை. இரண்டாவதாக மேலாண்மை இயக்குநர், இல்லை. போதகர், காவல்துறை அதிகாரி, அபேனா, எசி, கென்டே துணி போர்த்திய வாடிக்கையாளர் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பதிலும் வந்து சேர்ந்தன. ஒரு 'ஆம்' கூட இல்லை. மாமியாருடையது மூன்றாவதாக வந்திருந்தது.